துணிக்கு ஏற்ற சொல்

கேரளத்தின் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள ஊர் விழிஞ்ஞம். பக்கத்திலேயே கோவளம் கடற்கரை. அங்கே வெளிநாட்டுப் பயணிகள் வருவார்கள். அவர்களை நம்பித் துணி விற்பவர்கள் பலர்.

அப்படி ஒரு கடையில் ஓர் அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுப் பெண் ஒருவர் சட்டையைப் போட்டுப் பார்க்கிறார். "டூ டைட்" என்கிறார். டூ என்றால் இரண்டு என்று அக்காவுக்குத் தெரியும். அவர் மகிழ்ச்சியோடு இன்னொரு சட்டையை எடுக்கிறார். அதே அளவு! "டூ, டூ" என்று இரண்டையும் நீட்டுகிறார். வந்தவர் கையை அசைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

எங்கே தவறு நடந்தது?

ஆங்கிலத்தில் "டூ" என்று ஒலிக்கும் சொல் ஒன்று மட்டும் அல்ல. ஒரு டூ, எண்ணைக் குறிக்கும். "டூ ஷர்ட்ஸ்" என்றால் இரண்டு சட்டைகள். இன்னொரு டூ, "அளவுக்கு மேல்" என்பதைக் குறிக்கும். "டூ டைட்" என்றால் மிகவும் இறுக்கம். பெரிய சட்டையைக் கொடுத்திருந்தால் வியாபாரம் நடந்திருக்கும்.

துணி எப்படி இருக்கிறது என்று சொல்லும் சொற்களை இரண்டிரண்டாகப் படித்தால் மனத்தில் நிற்கும்.

டைட் – இறுக்கம். லூஸ் – தொளதொள.
லாங் – நீளம். ஷார்ட் – குட்டை.
திக் – தடித்தது. தின் – மெல்லியது.
சாஃப்ட் – மிருது. ரஃப் – சொரசொரப்பு.
டார்க் – அடர்ந்த நிறம். லைட் – வெளிர் நிறம்.
ஸ்ட்ரைப்ட் – கோடு போட்டது. செக்ட் – கட்டம் போட்டது.
பிளெயின் – பூவோ கோடோ இல்லாதது. பிரிண்டட் – பூ, படம் அச்சிட்டது.

சொல்லும்போது கையும் பேசட்டும். "சாஃப்ட்" என்று சொல்லித் துணியைத் தடவிக் காட்டுங்கள். "லாங்" என்று சொல்லி விரித்துக் காட்டுங்கள்.

இந்தச் சொற்களை எங்கே வைப்பது? தமிழில் "வெள்ளைச் சேலை" என்கிறோம். ஆங்கிலத்திலும் அப்படித்தான். "வைட் சாரி". நிறம் முன்னால், பொருள் பின்னால். இன்னும் சொல் சேர்க்கலாம். "சாஃப்ட் வைட் காட்டன் சாரி". அதாவது மிருதுவான வெள்ளைப் பருத்திச் சேலை. வரிசைகூட மாறவில்லை, பார்த்தீர்களா?

சில சொற்களில் கவனம் வேண்டும். "சீப்" என்றால் விலை குறைவு. ஆனால் மட்டமானது என்றும் பொருள் உண்டு. நம் துணியை நாமே "சீப்" என்று சொல்லலாமா? "லோ பிரைஸ்" என்று சொன்னால் போதும்.

"ஆர்ட் சில்க்" என்பது இன்னொன்று. ஆர்ட் என்றால் கலை. ஆகவே கலைநயம் உள்ள பட்டு என்று நினைத்துப் பலர் வாங்குகிறார்கள். இங்கே ஆர்ட் என்பது "ஆர்டிஃபிஷியல்" என்பதன் சுருக்கம். செயற்கைப் பட்டு என்று பொருள். உண்மைப் பட்டுக்கு "ப்யூர் சில்க்" என்று பெயர். "சில்க் மார்க்" முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

விழிஞ்ஞத்துக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் பாலராமபுரம் இருக்கிறது. கசவுச் சேலைக்குப் பேர்போன ஊர். அங்கே தறியில் கையால் நெய்த துணி "ஹேண்ட்லூம்". இயந்திரத் தறியில் நெய்தது "பவர்லூம்". பவர்லூம் துணியை ஹேண்ட்லூம் என்று சொல்லி விற்றால், நெசவாளியின் கூலியில் கை வைத்தது போல் ஆகும்.

ஒரு சொல் எவ்வளவு பெரிய வேலை செய்யும்? ஓர் உண்மைக் கதை கேளுங்கள்.

கேரளத்தின் கண்ணூரைச் சேர்ந்தவர் சி.பி. கிருஷ்ணன் நாயர். பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர். 1958-இல் அவரிடம் ஓர் அமெரிக்க வியாபாரி "மெட்ராஸ்" கட்டம் போட்ட துணி வாங்கினார். அந்தத் துணியைக் குளிர்ந்த நீரில் மெதுவாகத் துவைக்க வேண்டும். இல்லையென்றால் சாயம் ஓடும். இந்த விவரம் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. துவைத்ததும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன. வாங்கியவர்கள் கோபப்பட்டார்கள்.

பிறகு என்ன செய்தார்கள்? குறையை மறைக்கவில்லை. அதையே பெயராக வைத்தார்கள். "பிளீடிங் மெட்ராஸ்", அதாவது சாயம் ஓடும் மெட்ராஸ் துணி. துவைக்கத் துவைக்கப் புது நிறம் வரும் என்று விளம்பரம் செய்தார்கள். அமெரிக்க இளைஞர்கள் விரும்பி வாங்கினார்கள்.

துணி அதே துணிதான். சொல்லாமல் விட்டபோது சண்டை வந்தது. சொல்லி விற்றபோது பெயர் கிடைத்தது.

நம் கடைக்கும் இதுவே பாடம். சாயம் போகுமா? "கோல்டு வாட்டர் வாஷ்" என்று முன்பே சொல்லுங்கள். குளிர்ந்த நீரில் துவைக்க வேண்டும் என்று புரிந்துகொள்வார்கள். இறுக்கமா? "டைட்" என்று ஒப்புக்கொள்ளுங்கள். "பிக் சைஸ்" எடுத்துக் கொடுங்கள். பத்துச் சொல் தெரிந்தால் போதும். பத்தும் உண்மையாக இருக்க வேண்டும்.

செய்து பார்ப்போம்

1. உங்கள் வீட்டுத் துணிகளில் ஐந்தை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் சொல்லுங்கள்.
2. "டூ லாங்", "டூ சாரீஸ்" – இரண்டுக்கும் என்ன வேறுபாடு?
3. அடுத்த முறை துணி வாங்கும்போது அதில் தைத்துள்ள சிறு பட்டியைப் படித்துப் பாருங்கள். அதில் என்ன சொல் இருக்கிறது?