ஜேர்மனியில் படிப்பு இலவசம்தான், ஆனால் கடவுச்சீட்டை முதலில் எடுத்துப் பாருங்கள்

ஜேர்மனியின் ஹம் நகரில் உள்ள காமாட்சி அம்பாள் கோவில் தேருக்கு லண்டனிலிருந்து எம்மவர்கள் வருடாவருடம் போய்வருகிறார்கள். நாமும் போவதுண்டு. எமது அண்ணன் 1985இல் கிழக்கு பேர்லினில் இறங்கி, மேற்கு பேர்லினுக்குள் நுழைந்து அகதியாகப் பதிந்தவர். மறு வருடம் ஒக்டோபரில் அந்தப் பாதை அடைபட்டுப் போனது. இப்போது டோர்ட்முண்டில் குடும்பத்துடன் இருக்கிறார். 2024இல் தேர் முடிந்து அன்னதான வரிசையில் நின்றபோது அவர் சொன்னார்: "தம்பி, பிள்ளையை ஏன் கடனில தள்ளுறாய்? இஞ்ச கம்பஸ் சும்மா. அனுப்பிவிடு, நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

எமது மகளுக்கு அடுத்த வருடம் ஏ லெவல். லண்டனுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சுத்தான். பிறகு ஒரு வருடமாக நாம் பட்ட பாட்டையும் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறோம். இதே கேள்வியோடு பல பெற்றோர் எம்மிடம் வருகிறார்கள் என்பதுதான் காரணம்.

எமது தொழில் கணக்கு என்பதால் காசிலிருந்தே தொடங்குகிறோம். இங்கிலாந்தில் 2025 செப்டெம்பரில் பல்கலைக்கழகம் போன உள்ளூர் மாணவருக்கு அந்த வருடக் கட்டணம் 9,535 பவுண். அதே கட்டணத்தில் கணக்கிட்டால் மூன்று வருடத்துக்கு 28,605. இதை அரசு கடனாகத் தருகிறது. வீட்டிலிருந்து ஒரு சதமும் எடுத்து வைக்கத் தேவையில்லை. படித்து முடித்து வருடச் சம்பளம் 25,000 பவுணைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 9 வீதம் பிடிப்பார்கள். 35,000 உழைப்பவருக்கு வருடத்துக்கு 900 பவுண். 40 வருடத்தில் மிச்சமிருப்பது அழிக்கப்படும்.

ஜேர்மனியில் பெரும்பாலான மாநிலங்களின் அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. அரையாண்டுக்கு ஒருமுறை சில நூறு யூரோ நிர்வாகப் பங்களிப்பு மட்டும். பல இடங்களில் பஸ், ரயில் ரிக்கெற்றும் அதற்குள் அடங்கும். ஆனால் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின், 2021 தொடக்கம் எங்கள் பிள்ளைகள் அங்கே மூன்றாம் நாட்டவர். பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் அப்படிப்பட்டவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால அரையாண்டிலிருந்து இளமாணிப் படிப்புக்கு 2,000 தொடக்கம் 3,000 யூரோ வரை வாங்கத் தொடங்கிவிட்டது. அண்ணன் இருக்கும் வடக்கு ரைன் வெஸ்ற்பாலியாவில் இது இல்லை.

கட்டணத்தை விடப் பெரியது ஸ்பெர்கொன்ரோ எனப்படும் முடக்கப்பட்ட கணக்கு. பிள்ளை அங்கே வாழ வழியிருக்கிறது என்று காட்ட, வருடத்துக்கு 11,904 யூரோவை ஒரே தடவையில் அதில் போட வேண்டும். பத்தாயிரம் பவுணுக்குச் சற்று மேல். அது கட்டணமல்ல, உங்கள் காசுதான். மாதம் 992 யூரோவாகப் பிள்ளைக்குத் திரும்பி வரும். வாடகை, சாப்பாடு, மாதம் 140 யூரோவைத் தாண்டும் மருத்துவக் காப்புறுதி எல்லாம் அதற்குள். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த காலத்துக்கும் காசு இருப்பதைக் காட்ட வேண்டும். மூன்று வருடத்துக்குக் கூட்டினால் 35,712 யூரோ, முப்பதாயிரம் பவுணைத் தாண்டும் கைக்காசு. ஜேர்மனியில் படிக்க இங்கிலாந்து அரசின் மாணவர் கடனும் கிடையாது.

ஆக, வெம்பிளியில் வீட்டிலிருந்து ரயிலேறி லண்டனில் படிக்கப் போகும் பிள்ளைக்கு, 'இலவச' ஜேர்மனி இங்குள்ள கட்டணத்தை விடக் கூடுதலாகக் கைக்காசைக் கேட்கிறது. மான்செஸ்டருக்குப் போய் வாடகைக்கும் கடன் எடுக்கப் போகிற பிள்ளை என்றால், கடனில்லாமல் முடிப்பது பெரிய விடயந்தான். சீட்டுக் காசை எடுத்து முடக்கப்பட்ட கணக்கில் போட நினைப்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கவேண்டும்.

"நான் பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைக்கிறன்" என்றார் அண்ணன். அப்படி ஒரு வழி உண்டு. அங்கு வசிப்பவர் அரச அலுவலகத்தில் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் முடக்கப்பட்ட கணக்கு தேவைப்படாமல் போகலாம். ஆனால் அது வாய்ப்பேச்சல்ல. வருமானச் சான்று கேட்பார்கள். பிள்ளைக்காக அரசு ஏதாவது செலவழிக்க நேர்ந்தால் ஐந்து வருடம் வரை அவரிடமே அறவிடலாம். அண்ணி இதை வாசித்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை.

அடுத்தது கடவுச்சீட்டு. இதில்தான் எங்கள் சமூகத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ள பிள்ளை விசா இல்லாமல் ஜேர்மனிக்குள் போய், 90 நாட்களுக்குள் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் வதிவிட அனுமதி கேட்கலாம். அகதிப் பயணப் பத்திரமோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருக்கும் பிள்ளை புறப்படுமுன்னரே இங்குள்ள ஜேர்மன் தூதரகத்தில் மாணவர் விசா எடுக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள்.

அதைவிட ஆபத்தானது, நிரந்தர வதிவிட உரிமை மட்டும் வைத்திருக்கும் பிள்ளையின் நிலை. தொடர்ச்சியாக இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த உரிமை காலாவதியாகும். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க, முந்திய ஐந்து வருடத்தில் 450 நாட்களுக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது, கடைசி வருடத்தில் 90 நாட்கள்தான். ஜேர்மனியில் ஒரு கல்வியாண்டிலேயே அந்த 450இல் பாதிக்கு மேல் கரைந்துவிடும். விண்ணப்பக் கட்டணம் அதிகம் என்று பிரஜாவுரிமையைத் தள்ளிப்போட்ட குடும்பங்கள் எமக்குத் தெரிந்தே பல. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். இங்கே பிறந்து முதல் பத்து வருடமும் இங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு, பெற்றோரின் நிலை எதுவானாலும் பிரஜையாகப் பதியும் உரிமை உண்டு. இது பலருக்குத் தெரியாது.

தஞ்சக் கோரிக்கை முடிவாகாத பிள்ளைகளின் நிலை மனதை வருத்துவது. இங்கே அவர்களிடம் சர்வதேச மாணவர் கட்டணம் கேட்கிறார்கள், மாணவர் கடனும் இல்லை. ஜேர்மனியின் இலவசப் படிப்பு அவர்களுக்குத்தான் அதிகம் தேவை. ஆனால் நாட்டை விட்டு வெளியேறினால் கோரிக்கையைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். எங்கள் தலைமுறை தரப்படுத்தலால் வாசலில் நின்றது. இந்தப் பிள்ளைகள் கையில் நல்ல புள்ளிகளோடு நிற்கிறார்கள். இவர்கள் இங்குள்ள பல்கலைக்கழகங்கள் அகதிகளுக்கென ஒதுக்கும் 'சாங்சுவரி' புலமைப்பரிசில்களைத் தேட வேண்டும். இடங்கள் கொஞ்சம், முடிவுத் திகதிகளும் முந்தியே வந்துவிடும்.

நாம் பிழைவிட்டது நாட்காட்டியில். ஜேர்மனியில் இடம் மட்டுப்படுத்தப்பட்ட பாடநெறிகளுக்குக் குளிர்கால அரையாண்டின் வழமையான முடிவுத் திகதி ஜூலை 15. எமது மகளின் ஏ லெவல் பெறுபேறு வந்தது 2025 ஓகஸ்ட் 14. பாடசாலை தரும் எதிர்பார்ப்புப் புள்ளிகளைக் கொண்டு இங்கே யூகாசில் இடம் பிடிக்கலாம். அதே நடைமுறை அங்கும் இருக்கும் என்று நாமாகவே நினைத்துக்கொண்டோம். அவள் விரும்பிய பல்கலைக்கழகம் பெறுபேறு இல்லாமல் எடுக்க முடியாது என்று எழுதியது. அதில் அவர்கள் குற்றம் ஏதுமில்லை, நாம் வாசிக்கவில்லை. சர்வதேச பக்கலோறியா படிக்கும் பிள்ளைகளுக்கு ஜூலை முதல் வாரத்திலேயே முடிவு வருவதால் இந்தச் சிக்கல் இல்லை. ஏ லெவல் பிள்ளைகளுக்கு இரண்டு வழி: பிந்திய திகதி வரை திறந்திருக்கும், இடக்கட்டுப்பாடு இல்லாத பாடநெறிகள், அல்லது ஒரு வருடம் பொறுத்துப் போவது.

விண்ணப்பம் பல இடங்களில் யூனி அசிஸ்ட் என்ற பொது அமைப்பினூடாகத்தான். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்ததுக்கு 30. பத்திரங்களைச் சரிபார்க்க வாரக்கணக்கு ஆகும்.

மூன்று ஏ லெவல் இருந்தால் போதும் என்றும் எண்ணாதீர்கள். ஜீசிஎஸ்ஈ பாடங்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். கணிதமோ விஞ்ஞானமோ இருக்கிறதா, ஆங்கிலத்தோடு இரண்டாவது மொழி இருக்கிறதா என்பதெல்லாம் கணக்கில் வரும். எந்த ஏ லெவல் எந்தத் துறைக்கு வழிவிடும் என்பதற்கும் விதி உண்டு. அனாபின் என்ற அவர்களின் தரவுத்தளத்தில் நாட்டுவாரியாகப் பார்க்கலாம். இங்கிலாந்தில் 2004 முதல் 14 வயதுக்குப் பிறகு பிறமொழி கட்டாயமில்லை. எமது மகள் பிரெஞ்சை விடாமல் வைத்திருந்தாள். "அதை விட்டிட்டுக் கொம்பியூட்டர் எடு" என்று அன்று சண்டை பிடித்தது நாம்தான். பாடத்தகுதி போதாத பிள்ளைகளுக்கு ஸ்ருடியன்கொலெக் என்ற ஆயத்த வகுப்பு உண்டு. அது பெரும்பாலும் இன்னொரு வருடம், இன்னொரு 11,904.

கடைசியாக மொழி. ஆங்கிலத்தில் நடக்கும் முதுமாணிப் படிப்புகள் அங்கே ஏராளம், இளமாணியில் குறைவு. ஜேர்மன் மொழியில் படிக்கப் பெரும்பாலும் சீ1 தரம் வேண்டும். மருத்துவம் படிக்கலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு: ஜேர்மன் மொழியில்தான், வெளிநாட்டவருக்கு ஒதுக்கும் இடங்களும் மிகச் சொற்பம். மூன்று வருடம் இங்கே படித்துவிட்டு முதுமாணிக்கு அங்கே போவதே பல பிள்ளைகளுக்குப் பொருந்தும் என்பது எமது எண்ணம். மகள் அதை ஏற்கவில்லை.

லண்டனில் கிடைத்த இடத்தை ஒரு வருடம் பிற்போட்டு வைத்திருக்கிறாள். காலையில் வேலை, மாலையில் ஜேர்மன் வகுப்பு. வார இறுதியில் பெரியப்பாவோடு தொலைபேசியில் அந்த மொழியில் மட்டும்தான் பேசுவது என்று இருவருக்கும் ஒப்பந்தம். 1986இல் கட்டிட வேலையில் காதால் கேட்டுப் படித்த ஜேர்மன் அவருடையது. அவள் இலக்கணம் திருத்துகிறாள், அவர் சிரிக்கிறார். இந்த முறை விண்ணப்பப் பத்திரங்கள் மேசையில் ஒரு கோப்பில் இருக்கின்றன. கோப்பின் மேல் சிவப்பு மையில் ஜூலை 15 என்று எழுதியிருக்கிறோம்.