கணினித் திரையின் சின்னங்கள்



கணினியை இயக்கியதும் திரையில் சிறு சிறு படங்கள் தோன்றுகின்றன. மஞ்சள் நிறக் கோப்புறை ஒன்று. குப்பைத் தொட்டி ஒன்று. கணினியின் உருவமே ஒன்று. இவற்றை ஐகான் என்று வழங்குகிறோம். படவுரு என்று நூல்களில் எழுதுவர். நான் இங்கே சின்னம் என்றே கூறுகிறேன். இச்சின்னங்களை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம் என்பது உங்களுள் பலருக்குத் தெரியும். மாற்றும்போது கணினியினுள் மாறுவது யாது? மாறாது நிற்பது யாது? இதனை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

சின்னங்கள் கணினியோடு உடன்பிறந்தவை அல்ல. ஒரு காலத்தில் கணினியைப் பயன்படுத்த விரும்பியவர் கட்டளைச் சொற்களை மனப்பாடம் செய்து தட்டச்சிட வேண்டியிருந்தது. ஓர் எழுத்துப் பிறழினும் எந்திரம் ஏற்காது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த டேவிட் கான்பீல்டு ஸ்மித் என்பவர் 1975-இல் தம் ஆய்வேட்டில், கணினித் திரையில் பொருளுக்கு ஈடாக நிற்கும் படத்திற்கு ஐகான் என்னும் பெயரை வழங்கினார். 1981-இல் ஜெராக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த ஸ்டார் என்னும் கணினியில் அலுவலக மேசையே திரையில் எழுந்தது. தாளும், கோப்புறையும், அஞ்சற் கூடையும் அங்கே படங்களாக நின்றன.

இம்முறையை மக்களிடையே பரப்பியது 1984-இல் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் மாக்கின்டாஷ் கணினி. அதன் சின்னங்களை வரைந்தவர் சூசன் கேர் என்னும் அம்மையார். அவர் கணினிப் பொறியாளர் அல்லர், கலை பயின்றவர். கட்டம் போட்ட தாளை வாங்கி, வரிசைக்கு 32 கட்டமாக 32 வரிசைகளை எல்லையாகக் கொண்டு, கட்டம் கட்டமாகக் கருமை நிரப்பினார். ஆக 1024 கட்டங்கள். நிறமோ கருமையும் வெண்மையும் என இரண்டே. இவ்வளவு குறுகிய இடத்தில் குப்பைத் தொட்டியும், புன்னகை பூத்த கணினியும், எந்திரம் தடைப்பட்டு நிற்கும்போது தோன்றும் வெடிகுண்டும் உருப்பெற்றன. 1990-இல் வந்த விண்டோஸ் 3.0-க்கும் அவர் சின்னங்கள் பல வரைந்து கொடுத்தார். இன்று விண்டோஸில் ஒரு சின்னத்திற்கு 65,536 புள்ளிகள் வரை இடம் தருகிறார்கள். எனினும் அந்த 1024 கட்டங்களில் இருந்த தெளிவு இன்றைய படங்கள் எல்லாவற்றிலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி, மாறுவது யாது என்னும் வினாவிற்கு வருவோம். வகுப்பிலே நிலப்படத்தை மாட்டிப் பாடம் நடத்துகிறோம். இருப்புப்பாதையைக் குறிக்கும் கருங்கோட்டின்மேல் ஒரு மாணவன் சிவப்பு மையைத் தீட்டிவிடுகிறான் என்று கொள்வோம். தண்டவாளம் சிவந்துவிடுமா? வண்டிதான் நின்றுவிடுமா? கணினிச் சின்னமும் அத்தகையதே. கோப்பு வேறு, அதன் சின்னம் வேறு. விண்டோஸ் கணினியில் சின்னங்கள் ஐ.சி.ஓ. என்னும் வகைக் கோப்புகளிலோ, ஷெல்32, இமேஜ்ரெஸ் என்னும் பெயருடைய பொதுத் தொகுப்புகளிலோ தனியே வைக்கப்பட்டுள்ளன. இன்ன பொருளுக்கு இன்ன தொகுப்பில் இத்தனையாவது படம் என்னும் குறிப்பு மட்டும் ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டில் இருக்கும். நாம் சின்னத்தை மாற்றும்போது அந்த முகவரிக் குறிப்பே மாறுகிறது. கோப்பினுள் ஓர் எழுத்தும் அசைவதில்லை.

இதனை உணர்ந்தால் பல புதிர்கள் தாமே அவிழும். இணையத்திலிருந்து அழகிய சின்னம் ஒன்றை இறக்கி, கோப்புறைக்குச் சூட்டுகிறீர்கள். சில நாள் கழித்து, இடத்தை அடைக்கிறது என்று இறக்கிய கோப்பை அழித்துவிடுகிறீர்கள். பிறகு கோப்புறையின் புதுமுகம் மறைந்து, பழைய முகமோ வெறும் படமோ வந்து நிற்கிறது. முகவரி இருக்கிறது, அங்கே வீடு இல்லை! ஆதலின் சூட்ட விரும்பும் படங்களை நிலையான ஓரிடத்தில் வைத்துவிட்டுத்தான் சூட்ட வேண்டும். மாற்றிய பின்னும் சில வேளை பழைய படமே தோன்றும். விரைவு கருதிக் கணினி படங்களின் படி ஒன்றைத் தனியே சேமித்து வைத்திருக்கிறது. அப்படி இன்னும் புதுப்பிக்கப்படவில்லை என்பதே காரணம்.

மாற்றும் வழி எளிது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் செட்டிங்ஸ் பகுதியைத் திறந்து, பெர்சனலைசேஷன், அதனுள் தீம்ஸ், அதனுள் டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸ் என்று செல்லுங்கள். அங்கே கணினி, வலையமைப்பு, குப்பைத் தொட்டி முதலியவற்றின் படங்கள் வரிசையாக இருக்கும். வேண்டியதைத் தேர்ந்து சேஞ்ச் ஐகான் என்பதை அழுத்துங்கள். குப்பைத் தொட்டிக்கு மட்டும் இரு படங்கள் உண்டு: நிறைந்த தொட்டி ஒன்று, வெறுந்தொட்டி ஒன்று. ஒன்றை மாற்றி மற்றதை விட்டால், தொட்டி நிறையும்போது ஒரு முகமும் ஒழியும்போது வேறு முகமும் காட்டும். அப்பக்கத்தின் அடியில் ஒரு சிறு கட்டம் இருக்கும். தீம் மாறும்போது சின்னங்களும் மாற இசைவு தருவது அது. அதிலுள்ள குறியை நீக்கிவிட்டால் நீங்கள் சூட்டியவை கலையா. பழையபடி வேண்டுமெனின் ரீஸ்டோர் டிஃபால்ட் என்னும் பொத்தான் இருக்கிறது. மாக் கணினியிலோ, படத்தை நகலெடுத்து, கோப்பின் கெட் இன்ஃபோ பலகையில் மேலே இருக்கும் சிறு சின்னத்தைத் தேர்ந்து ஒட்டினால் போதும்.

மாற்றினால் எதுவும் கெடாது என்றேன், எந்திரத்திற்குக் கெடாது. மனிதருக்கு? நெகிழ்வட்டைக் கண்ணால் காணாத மாணவர்களும் அதன் படத்தைக் கண்டு சேமிக்கும் பொத்தான் என்று அறிகிறார்கள். படத்திற்குப் பொருள் தருவது வழக்கமே. வீட்டில் ஆங்கில எழுத்துத் தெரியாத பாட்டியார் பேரனுடன் பேசுவதற்கு ஒரு நீலப் படத்தை அடையாளம் வைத்திருப்பார். அதை நீங்கள் பூனையாக மாற்றினால், அவருக்கு அந்தக் கணினியே ஊமையாகிவிடும். உங்கள் பெயரில் தனிக் கணக்கு இருந்தால் முகப்புத் திரைச் சின்னங்களின் மாற்றம் உங்கள் மட்டோடு நிற்கும். கோப்புறைக்குச் செய்யும் மாற்றம் அத்தகையதன்று. அக்குறிப்பு கோப்புறையினுள்ளேயே மறைவான ஒரு சிறு கோப்பில் எழுதப்படுகிறது; ஆதலின் அதைப் பகிர்ந்து கொள்வோர்க்கும் புதுமுகமே தோன்றலாம். பொதுக் கணினியில் கைவைக்குமுன் இதனை நினைவிற் கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு, இதுவே பெரிது. நீங்கள் எளிதாக மாற்றும் முகத்தைத் தீயோரும் எளிதாக மாற்றுவர் அன்றோ? விண்டோஸில் செயலிகள் பெரும்பாலும் இ.எக்ஸ்.இ. என்று முடியும் கோப்புகள். இவை தம் சின்னத்தைத் தம்முள்ளேயே சுமந்து வரும். எப்படம் என்று முடிவு செய்பவர் செயலியை எழுதியவரே. கடிதத்தின் படத்தை அணிந்து ஒரு நச்சுச் செயலி வந்தால், கண்ணுக்குக் கடிதமாகவே தோன்றும். பெயரின் இறுதியில் வரும் இன எழுத்துகளைக் காண்போம் எனின், விண்டோஸ் இயல்பாக அவற்றை மறைத்து வைக்கிறது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் காதற் கடிதம் என்னும் பெயரோடு மின்னஞ்சலில் பரவிய நச்சுநிரல் இம்மறைப்பைத்தான் பயன்படுத்திக்கொண்டது. அதன் பெயர் வி.பி.எஸ். என்று முடிந்தது. அவ்வெழுத்துகள் மறைந்தமையால், அதற்கு முன் வேண்டுமென்றே எழுதியிருந்த டி.எக்ஸ்.டி. என்பதே வெளியே தெரிந்தது. வெறும் எழுத்துக் கோப்பு என்று பலர் திறந்தனர். அது அவர்களுடைய படக் கோப்புகளை அழித்துத் தன் வரிகளை அவற்றின் இடத்தில் எழுதியது. அவர்தம் முகவரிப் பட்டியலில் இருந்தோர்க்கெல்லாம் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டு உலகெங்கும் பரவியது.

இன்று வீடு சென்றதும் ஒன்று செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் கோப்புகளைக் காட்டும் பலகையைத் திறந்து, வியூ, அதனுள் ஷோ, அதனுள் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதற்குக் குறியிடுங்கள். மறைந்திருந்த இன எழுத்துகள் வெளிப்படும். கடிதத்தின் படம் அணிந்த ஒன்று இ.எக்ஸ்.இ. என்று முடியுமானால், திறவாமல் ஆசிரியரிடமோ வீட்டில் விவரம் அறிந்தவரிடமோ காட்டுங்கள்.