ராக்கெட் விட ஆசையா? கிட் வாங்கும் முன் மோட்டாரைப் பாருங்க!

மகேந்திரகிரியில் இஸ்ரோவின் இன்ஜின் சோதனை நடக்கிறது. அந்தப் பக்கம் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியபோதே ரோகிணி ஆர்.எச்.200 என்ற சிறு ஆய்வு ராக்கெட்டும் பறந்தது. இப்படி ராக்கெட் பேச்சுக்கு நடுவே வளரும் நெல்லைப் பிள்ளைகள் யூடியூபில் ‘ஹைபவர் ராக்கெட் கிட்’ என்று தேடுவதில் ஆச்சரியம் இல்லை. ஆளுயர ராக்கெட் சீறி எழுந்து, பாராசூட்டில் அழகாக இறங்குகிறது. “அப்பா, ஆர்டர் போடவா?” என்று கேட்கிறார்கள். விலையைப் பார்க்கும் முன் பெற்றோர் ஒன்றைப் பார்க்க வேண்டும்: அந்தப் பெட்டியில் மோட்டார் இருக்கிறதா?

கிட் என்பது பெரும்பாலும் அட்டைக் குழாய், கூம்பு மூக்கு, வால் இறக்கைகள், பாராசூட், உயரம் அளக்கும் சின்ன கருவி இவ்வளவுதான். இவற்றை வாங்கலாம், வெட்டலாம், ஒட்டலாம். உரிமம் எதுவும் வேண்டாம். மோட்டார்தான் வேறு சங்கதி. குழாய்க்குள் திட எரிபொருளை அடைத்து, மின்திரியால் பற்றவைப்பது அது. அதன் மொத்த உந்துவிசையை ஏ, பி, சி என்று எழுத்தால் வகைப்படுத்துகிறார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் உச்ச வரம்பு இரட்டிப்பாகும். ஜி வரை சாதாரண மாடல் ராக்கெட். 160 நியூட்டன்-விநாடியைத் தாண்டி எச் வந்தால் ஹைபவர். அமெரிக்காவில் அதற்குச் சங்கங்கள் தரும் மூன்று நிலைச் சான்று உண்டு. வீடியோவில் “லெவல் 1 பாஸ்” என்று குதிப்பது அதைத்தான். அந்தச் சான்று நம்ம நாட்டில் உரிமம் ஆகாது.

இங்கே நடைமுறையில் இருப்பது 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும், 2008-ஆம் ஆண்டு விதிகளும். அந்தப் பழைய சட்டத்தின் ‘வெடிபொருள்’ விளக்கத்திலேயே பட்டாசு, திரி, தோட்டா என்ற வரிசையில் ‘ராக்கெட்’ என்ற சொல் இருக்கிறது! தயாரிக்க, இறக்குமதி செய்ய, வைத்திருக்க, விற்க, கொண்டுசெல்ல எல்லாவற்றுக்கும் விதிகள் உண்டு. 18 வயது நிரம்பாதவர் தயாரிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் தடை. உரிமம் தருவது பெசோ எனப்படும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. தலைமையகம் நாக்பூர், நமக்குப் பக்கத்தில் சிவகாசியிலும் அலுவலகம் இருக்கிறது.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. சட்டப்படி ‘தயாரிப்பு’ என்றால் புதிதாகச் செய்வது மட்டும் இல்லை. இருக்கும் வெடிபொருளைப் பிரிப்பதும், மாற்றியமைப்பதும், பழுது பார்ப்பதும் தயாரிப்புதான். தீபாவளி ராக்கெட்டைப் பிரித்து மருந்தை எடுத்து இன்னொரு குழாயில் அடைத்தால், உரிமம் இல்லாத தயாரிப்பாகிவிடும். தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய விலை விரலும் கண்ணும். வீட்டு அடுப்பில் எரிபொருள் காய்ச்சும் வீடியோக்களைப் பிள்ளைகள் பார்த்தால், போனைப் பிடுங்குவதை விட உட்கார வைத்து இதைச் சொல்வது பலன் தரும்.

“தீபாவளிக்குப் பட்டாசுக் கடை உரிமம் ஆன்லைன்ல வாங்குறாங்களே, அது போதாதா?” என்று கேட்கலாம். போதாது. அது வைத்திருந்து விற்பதற்கான தற்காலிக உரிமம். மோட்டார் செய்யவோ இறக்குமதி செய்யவோ அது உதவாது.

சரி, மோட்டாரே கிடைத்தாலும் எங்கே விடுவது? கணக்குப் போட்டுப் பாருங்கள். ராக்கெட் 1 கிலோமீட்டர் ஏறி, பாராசூட்டில் விநாடிக்கு 5 மீட்டர் இறங்கினால், தரை தொட 200 விநாடி ஆகும். ஆடிக் காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் அதற்குள் சுமார் 1.7 கிலோமீட்டர் தள்ளிப்போய்விடும். அம்பாசமுத்திரத்திலிருந்து சேரன்மகாதேவி வரை அந்தத் தூரத்துக்குள் வாய்க்கால், ரோடு, ரயில் பாதை, அடுத்த ஊர்க் கூரை என்று ஏதாவது வந்துவிடும். பிசான அறுவடை முடிந்த வயல் காலியாகத் தெரியும். ஆனால் காய்ந்த வைக்கோலும் தாளும் ஒரு பொறிக்கே பற்றும். மேற்கே போனால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். தெற்கே மகேந்திரகிரி, கூடங்குளம் அணுமின் நிலையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம். கிழக்கே வாகைக்குளம் விமான நிலையம்.

போனில் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து உங்கள் ஊரைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வான்பரப்பு பிரித்திருக்கும். அது டிரோனுக்கானது, ராக்கெட்டுக்கு அனுமதிச் சீட்டு இல்லை. ஆனாலும் நம் தலைக்கு மேலே யாருக்குச் சொந்தம் என்று ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

அதற்காக ஹைபவர் ஆசையை விட்டுவிட வேண்டியதில்லை. நிறுவனம் வழியாகப் போக வேண்டும், அவ்வளவுதான். 2024 ஆகஸ்ட் 24 அன்று சென்னைக்கு அருகே திருவிடந்தையிலிருந்து ரூமி-1 என்ற ஹைபிரிட் ராக்கெட் பறந்தது. விண்வெளித் துறையில் தனியாருக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான இன்ஸ்பேஸ், மாணவர் அணிகளுக்கு மாடல் ராக்கெட் போட்டி நடத்துகிறது. 2025 அக்டோபரில் அது உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் நடந்தது. கல்லூரியில் சேரப்போகும் பிள்ளை என்றால், அங்கே ராக்கெட் அணி இருக்கிறதா என்று சேர்க்கையின்போதே கேட்டுவிடுங்கள்.

அதுவரை? தண்ணீர் ராக்கெட். சிரிக்காதீங்க! இறக்கை, சமநிலை, பாராசூட் என்று ஹைபவர் ராக்கெட்டில் கற்க வேண்டியதில் பெரும்பகுதி இதிலேயே இருக்கிறது. தீ மட்டும் கிடையாது.

1.25 லிட்டர் சோடா, கோலா வகை பாட்டில் ஒன்று எடுங்கள். குடிநீர் பாட்டில் கூடாது, அழுத்தம் தாங்காது. சன்போர்டில் மூன்று இறக்கைகள் வெட்டி வாய்ப்பக்கம் டேப்பால் ஒட்டுங்கள். அடிப்பக்கம்தான் மேலே போகும். அதில் அட்டைக் கூம்பு வைத்து உள்ளே கொஞ்சம் களிமண் உருட்டி வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். சைக்கிள் டியூப் வால்வு செருகிய ரப்பர் கார்க்கால் வாயை இறுக்கி, நிமிர்ந்து நிற்கும் தாங்கியில் வைத்து, நீளமான குழாய் வழியாகக் காற்றடியுங்கள். பாட்டில் கார்க்கை விட்டு எகிறும்.

விடுவதற்கு முன் ஒரு சோதனை அவசியம். தண்ணீர் இல்லாத ராக்கெட்டை நூலில் தொங்கவிட்டு, கிடையாக நிற்கும் புள்ளியைக் குறியுங்கள். அது எடை மையம். பிறகு ராக்கெட்டின் பக்கவாட்டு உருவத்தை அதே அளவில் அட்டையில் வெட்டி, விரலில் நிறுத்திப் பாருங்கள். அட்டை நிற்கும் இடம், ஏறத்தாழ காற்று தள்ளும் மையம். எடை மையம் அதைவிட மூக்குப் பக்கம், குறைந்தது பாட்டிலின் அகலம் அளவுக்காவது தள்ளி இருக்க வேண்டும். இல்லையென்றால் ராக்கெட் நடுவானில் குட்டிக்கரணம் போடும். மூக்கில் களிமண்ணைக் கூட்டுங்கள், அல்லது இறக்கையைப் பெரிதாக்குங்கள். ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. இறக்கை மிகப் பெரிதானால் வேறு தொல்லை: ராக்கெட் காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பிக்கொண்டு ஓடும். ஆனி, ஆடியில் இதை நன்றாகவே பார்க்கலாம்.

பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அழுத்தமானி உள்ள பம்பில் 60 பி.எஸ்.ஐ.யைத் தாண்ட வேண்டாம். எல்லோரும் 10 மீட்டர் தள்ளி நிற்கட்டும், பம்பு அடிப்பவர் கண்ணாடி போடட்டும். எகிறாமல் நின்றுவிட்டால் குனிந்து பார்க்கக் கூடாது. தள்ளி நின்றே காற்றை இறக்குங்கள். மின்கம்பி இல்லாத பள்ளி மைதானம் நல்லது. தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அரசு நடுநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் வானவில் மன்றத்திலும் கேட்கலாம். தாமிரபரணிக் கரையில் கொக்கிரகுளத்தில் இருக்கும் மாவட்ட அறிவியல் மையத்துக்கும் ஒரு நடை போய்வரலாம். பாட்டிலில் வெள்ளைக் கோடோ கீறலோ தெரிந்தால் அன்றோடு அதைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு எடுங்கள்.