வீடு வாங்குமுன் நிலத்தை அளப்போம்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்” என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டுவதில் உள்ள தொல்லை கட்டிய வீட்டை விலைக்கு வாங்குவதில் இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். அளந்து பாராமல் வாங்கிய வீடு, கட்டும் வீட்டினும் மிகுந்த துன்பம் தருவதை நாம் கண்டிருக்கிறோம்.

ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் தோல் தொழிலில் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெறுவோருள் சிலர், தம் வருங்கால வைப்பு நிதியைக் கொண்டு ஏலகிரி போன்ற மலைப்பகுதியில் ஒரு சிறு வீடு வாங்க விழைகின்றனர். அத்தகைய முதியவர் ஒருவர் சில ஆண்டுகட்கு முன் நம்மிடம் வந்தார். 5 சென்ட் நிலத்துடன் ஓட்டு வீடு ஒன்றை அவர் வாங்கியிருந்தார். கிரயப் பத்திரம், வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு யாவும் இருந்தன. பக்கத்து நிலத்தார் எல்லையை அளக்கச் செய்தபோதுதான், சமையற்கட்டும் கிணறும் ஓடைப் புறம்போக்கில் இருப்பது வெளிப்பட்டது. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அறிவிப்பும் வந்தது. “என்னிடம் வரி வாங்கினீர்களே, ஐயா!” என்று அவர் கேட்டார். வரி ரசீது வரி செலுத்தியதைக் காட்டுமேயன்றி, நில உரிமையைக் காட்டாது. இதனை அவருக்கு முன்பே எவரும் எடுத்துரைக்கவில்லை. அக்குறையில் ஊர்ப் பொறுப்பிலுள்ள நம் அனைவருக்கும் பங்குண்டு.

பதிவேடுகள் கூறுவன

வில்லங்கச் சான்று, அந்நிலத்தின்மேல் பதிவான ஆவணங்களைக் கூறும், எல்லையைக் கூறாது. எல்லையை அறியப் புலப்படம் வேண்டும். எப்.எம்.பி. என்று வழங்கும் இப்படத்தில் புல எண், உட்பிரிவு, எல்லைக் கோடுகளின் நீளம் ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள ‘அ’ பதிவேடு, அந்நிலம் பட்டாவா, புறம்போக்கா என்பதைத் தெரிவிக்கும். பழைய பத்திரங்களில் வடஆற்காடு மாவட்டம் என்றும், பின்னர் வேலூர் மாவட்டம் என்றும், 2019-க்குப் பின் திருப்பத்தூர் மாவட்டம் என்றும் காணப்படுவது பற்றி ஐயுற வேண்டுவதில்லை. பழைய எண்ணும் புதிய எண்ணும் தொடர்புபட்டுள்ளனவா என்பதையே பார்த்தல் வேண்டும்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆகவே 5 சென்ட் என்று விற்கப்படும் மனைக்குப் பட்டாவில் 2 ஏருக்குச் சற்று மேல் இருத்தல் வேண்டும்.

எவ்வகை அளவை வேண்டும்?

தனியார் அளவரைக் கொண்டு விரைவில் அளக்கலாம். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில், எல்லைக் கற்கள் நிலைத்திருந்து, அண்டையில் புறம்போக்கு இல்லாதபோது அது பெரும்பாலும் போதுமானது. ஆயின் அவ்வளவை பக்கத்து நிலத்தாரைக் கட்டுப்படுத்தாது.

ஓடை, ஏரி, சாலை, காப்புக்காடு ஆகியவற்றை ஒட்டிய நிலமாயினும், கற்கள் காணாமற் போயினும், பாகம் பிரிந்த குடும்ப நிலமாயினும் அரசு நில அளவரின் அளவையே தக்கது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் பட்டாதாரர். எனவே விற்பவரையே விண்ணப்பிக்கச் செய்தல் வேண்டும். பக்கத்து நிலத்தார்க்கு அறிவிப்புத் தந்து, அவர்கள் அறிய அளவை நடைபெறும். பட்டா விற்பவர் பெயரில் இல்லையெனில், அதுவே முதல் எச்சரிக்கை. கூட்டுப் பட்டாவில் ஒரு பகுதியை வாங்குவோர், உட்பிரிவு செய்யுமாறு முன்னரே கேட்டல் நலம். அரசு ஒப்படை செய்த நிலமாயின், ஒப்படை ஆணையின் நிபந்தனைகளைப் படித்தறியாமல் முன்பணம் தரலாகாது.

சரிவின் கணக்கு

மலைநிலத்தில் மற்றொரு நுட்பம் உண்டு. நில அளவையில் நீளம் என்பது கிடைமட்ட நீளமே. சரிவின்மீது நாடாவைக் கிடத்தி அளந்தால் நீளம் மிகுத்துக் காட்டும். சரிவில் 60 அடி நீளமும் 40 அடி அகலமும் உள்ள மனை 2,400 சதுர அடி எனச் சொல்லப்படலாம். அந்த 60 அடிக்குள் நிலம் 20 அடி தாழ்ந்தால், உண்மை நீளம் ஏறத்தாழ 56 1/2 அடியே. பரப்பில் சுமார் 140 சதுர அடி குறைந்துவிடும்!

கட்டடத்தின் நிலை

இங்கிலாந்தில் வீடு வாங்குவோர், வீட்டின் வயதுக்கும் நிலைமைக்கும் ஏற்ப மூன்று நிலை ஆய்வுகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பர். நாமும் பழைய வீடாயின் ஒரு பொறியாளரை அழைத்துச் செல்லலாம். சுவரில் சாய்வான வெடிப்பு, கூரை மரத்தில் கரையான், தாங்குசுவரில் வீக்கம், மழைநீர் வடியும் வழி ஆகியவற்றை அவர் நோக்குவார். மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் பார்ப்பது மிகவும் நன்று.

நம் கடமை

1923-ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி, எல்லைக் கற்களைப் பேணும் பொறுப்பு நிலத்துக்கு உரியவரைச் சார்ந்தது. உழவர்கள் தம் வயலின் கற்களை ஆண்டுக்கொரு முறையேனும் பார்த்து வருவார்களாக. பஞ்சாயத்து உறுப்பினர்கள், வீடு வாங்க வருவோரிடம் வரி ரசீது உரிமைச் சான்றன்று என்பதைத் தெளிவாகக் கூறி, ஊரின் ஓடையும் ஏரியும் எவ்விடத்தன என்பதையும் காட்டுதல் வேண்டும். வாங்குவோர், பதிவுக்கு முன் நிலத்தை அளந்து காட்டவேண்டும் என்றும், அளந்த பரப்புக்கே விலை என்றும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்க.

அந்த முதியவர் சமையற்கட்டை இடித்துவிட்டு, எஞ்சிய இரண்டு அறைகளில் வாழ்ந்து வருகிறார். அளவைக்கு ஆகும் கட்டணம் அவருடைய இழப்பின் முன் மிகச் சிறிது. அச்சிறு தொகையை முன்னே செலவிடுவோர் பின்னே வருந்த வேண்டியிராது.