மின்கம்பி முனையும் மோட்டாரின் ஆயுளும்

செஞ்சிக் கோட்டை மலைகளைச் சூழ்ந்த கழனிகளில் நெல்லும் மணிலாவும் விளையக் கிணற்று நீரை மேலேற்றித் தருவது மின்சார மோட்டார். விசைத்தறியை ஓட்டுவதும் அதுவே. மோட்டார் எரிந்துபோனால் மின்சாரத்தின் மீது பழி சுமத்துவது நம் வழக்கம். ஆயின் பல சமயங்களில் குற்றம் ஸ்டார்ட்டருக்குள், ஒரு திருகாணியின் அடியில் இருக்கக் காண்கிறோம்.

பல இழைகளாலான கம்பியை வெறுமனே முறுக்கித் திருகாணியில் சுற்றினால், சில இழைகளே உலோகத்தைத் தொடும். தொடும் பரப்பு குறையத் தடை மிகும். தடை மிகச் சூடு மிகும். நேரடி ஸ்டார்ட்டரில் புறப்படும் மோட்டார், புறப்படும்போது முழுப் பளுவில் இழுப்பதைப் போல் ஏறக்குறைய 6 மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சூடோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலால் அக்கணத்தில் அது 36 மடங்காகும். நாளடைவில் இணைப்பு கருகி, மூன்று பேஸ்களுள் ஒன்று அறுந்தால், எஞ்சிய இரண்டில் மோட்டார் திணறிச் சுருள் எரியும். தளர்ந்த ஒரு பாவிழை துணியின் நீளம் முழுவதும் குறை காட்டுவதை நெசவாளர் அறிவர், இதுவும் அத்தகையதே.

இதற்குப் பரிகாரம் ‘லக்’ எனப்படும் உலோக முனை. அதன் குழலில் கம்பியைச் செருகி நெருக்குவதே கிரிம்பிங். செம்மையாக நெருக்கினால் இழைகளும் குழலும் ஒரே உலோகம்போல் இறுகும். இதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, அளவு. 4 சதுர மி.மீ. கம்பிக்கு அதே அளவு லக் வேண்டும். லக் சிறிதென்று இழைகளை வெட்டுவதும், பெரிதென்று கம்பியை மடித்துச் செருகுவதும் தவறு.

இரண்டாவது, கருவி. சுத்தியலும் கட்டிங் பிளையரும் குழலைத் தட்டையாக்குமேயன்றி இழைகளைச் சீராக நெருக்கா. சிறு கம்பிகளுக்கு, முழு அழுத்தம் ஆகும்வரை பிடி திறவாத கிரிம்பிங் கருவி ஏற்றது. தடித்த கேபிளுக்கு எண்ணெய் அழுத்தக் கருவி வேண்டும். உறையிட்ட லக்குக்கும் வெறும் லக்குக்கும் அச்சு வெவ்வேறு.

மூன்றாவது, உலோகம். செம்புக் கம்பிக்குச் செம்பு லக், அலுமினியக் கம்பிக்கு அலுமினிய லக். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் நேரே தொட்டால் அரிப்பு உண்டாகும். இரண்டும் சேருமிடத்தில் ஈருலோக லக் அவசியம்.

மெயினை நிறுத்தி, பியூசைக் கழற்றிய பின்னரே, பயிற்சி பெற்ற மின்பணியாளர் இவ்வேலையைச் செய்தல் வேண்டும். முடிந்தபின் லக்கைப் பிடித்து இழுத்துப் பார்க்க. நழுவினால் புதிய லக் இடுக.

நல்ல கருவி விலை மிகுந்தது. ஒருவருக்கு ஆண்டில் சில நாழிகையே பயன்படுவது. பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் ஒருவர்மீதும் பாரமில்லை. இதற்கன்றோ நாம் கூட்டுறவு கண்டோம்!