அயலவர் வாசிக்கும் நற்செய்தி



நம்மைக் கிறிஸ்தவர்கள் என்று முதன்முதலில் அழைத்தவர்கள் யார் என எப்போதாவது சிந்தித்ததுண்டா? அது சீடர்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர் அன்று. அவர்கள் ஒருவரையொருவர் சகோதரர் என்றே அழைத்துக்கொண்டனர். அந்தியோக்கியா நகரில்தான் சீடர்கள் முதன்முறையாகக் கிறிஸ்தவர்கள் என அழைக்கப்பட்டனர் என்று திருத்தூதர் பணிகள் நூல் (11:26) கூறுகின்றது. அந்நகரத்து மக்கள் இவர்களுடைய பேச்சையும் நடத்தையையும் கூடிவாழ்ந்த முறையையும் பார்த்தனர். எல்லாவற்றிலும் கிறிஸ்து என்ற ஒருவரே இவர்களிடம் வெளிப்படுவதைக் கண்டு, அவருடைய பெயராலேயே இவர்களை அழைக்கலாயினர்.

இன்று நம் பெயர் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் இருக்கின்றது. வீட்டு மண்டபத்தில் திருஇருதய ஆண்டவர் படம் இருக்கின்றது. கழுத்தில் சிலுவை, முச்சக்கரவண்டியின் கண்ணாடியில் செபமாலை, வாசற்கதவின் மேல் குருத்தோலை இருக்கின்றன. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் இவற்றுள் ஒன்றுமே இல்லாத ஒரு நாளில், வேலிக்கு அப்பால் வாழும் அயலவர் நம்மை எதைக்கொண்டு கிறிஸ்தவர் என இனங்காண்பார்? இந்த ஒரு கேள்வியை இந்த வாரம் நம் குடும்பத்தோடு அமர்ந்து சிந்திப்போம்.

கழுத்தில் தொங்கிய செபமாலை

இக்கேள்விக்கு நம் சொந்த மண்ணின் வரலாற்றிலேயே ஒரு பதில் உண்டு. 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானது. அதன்பின் கத்தோலிக்க குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குரு ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. திருப்பலி இன்றி, பாவசங்கீர்த்தனம் இன்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்தன. தாய் தந்தையர் வீட்டிற்குள் இரகசியமாகச் சொல்லிக்கொடுத்த செபங்களே பிள்ளைகளின் விசுவாசத்தைக் காத்தன.

இந்நிலையில், 1687ஆம் ஆண்டு கோவாவைச் சேர்ந்த இளங்குரு ஒருவர் கூலியாளின் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவரே புனித யோசேவ் வாஸ் அடிகளார். பயணத்தின் கொடுமையால் கடும் வயிற்றோட்டம் அவரைத் தாக்கியது. தொற்றுநோயோ என அஞ்சியவர்கள் அவரைக் குடியிருப்புக்கு அப்பால் ஒதுக்கி வைத்தனர். ஒரு பெண்மணி இரக்கப்பட்டுக் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே அவருடைய உயிரைத் தாங்கியது. இந்தக் கஞ்சியை நினைவில் வைத்திருங்கள், வாசகர்களே. பின்னர் நாம் இதற்குத் திரும்பி வருவோம்.

நோய் நீங்கியதும் அவர் ஒரு செபமாலையைக் கழுத்தில் வெளிப்படையாக அணிந்துகொண்டு, பிச்சை கேட்பவராக வீடு வீடாகச் சென்றார். தான் ஒரு குரு என்று சொல்ல அவரால் இயலாது. கத்தோலிக்கர் யார் என்று எவரிடமும் விசாரிக்கவும் இயலாது. ஆகவே அவர் பேசவில்லை. செபமாலையைக் கண்டதும் யாருடைய கண்கள் கலங்குகின்றன, யாருடைய முகம் மாறுகின்றது என்று கவனித்தார். அவ்வாறே மறைந்து வாழ்ந்த விசுவாசிகளைக் கண்டுகொண்டார். அவர்களுடைய உதவியால் சில்லாலைக் கிராமத்தில் தங்கி, இரவு வேளைகளில் திருவருட்சாதனங்களை வழங்கினார்.

அன்று அந்தச் செபமாலைக்கு ஒரு விலை இருந்தது. அணிந்தவருக்குச் சிறை, அதை அறிந்து கதவைத் திறந்தவருக்கும் தண்டனை. இன்று நாம் அணியும் செபமாலைக்கு அத்தகைய விலை எதுவுமில்லை. அதற்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம். ஆயினும், விலை கொடுக்க வேண்டியிராத அடையாளம் எளிதில் வெறும் அணிகலனாகிவிடும் என்பதையும் மறவாதிருப்போம்.

அடையாளம் உதவாத இடத்தில்

அடிகளாரின் வரலாறு சில்லாலையோடு முடியவில்லை. 1692ஆம் ஆண்டு அவர் கண்டி இராசதானிக்குச் சென்றபோது, போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். யாழ்ப்பாணத்தில் கதவுகளைத் திறந்த அதே அடையாளம் கண்டியில் சந்தேகத்தையே எழுப்பியது. கிறிஸ்தவ மறையை அந்நிய ஆட்சியாளரின் மறையாகவே கண்டவர்களுக்கு முன், கழுத்தில் எதை அணிந்திருந்தாலும் அது சான்றாகாது. அவர் வாதிட்டுக் கொண்டிருக்கவில்லை. சிறையிலிருந்தபடியே சிங்கள மொழியைக் கற்றார், செபித்தார், பொறுத்திருந்தார். மெல்ல மெல்ல மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் நம்பிக்கையைப் பெற்றார்.

1697ஆம் ஆண்டு கண்டியில் பெரியம்மை நோய் பரவியது. வசதி படைத்தோர் நகரை விட்டு அகன்றனர். நோயுற்றவர்களை அவர்களுடைய சொந்த உறவினரே காட்டோரங்களில் கைவிட்டுச் சென்றனர். அப்போது அடிகளாரும், அவருடைய மருமகனான யோசேவ் கர்வாலோ அடிகளாரும் நகரை விட்டு நீங்கவில்லை. கைவிடப்பட்டவர்களைத் தேடிச் சென்றனர். குடிசைகள் அமைத்து அவர்களைக் கிடத்தினர், புண்களைக் கழுவினர், உணவூட்டினர், இறந்தோரைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தனர். இவர் எம் மறையினரா என்று எந்த நோயாளியிடமும் அவர்கள் கேட்கவில்லை.

இப்போது அந்தக் கஞ்சியை நினைத்துப் பாருங்கள். தொற்றுநோயாளி என்று ஒரு காலத்தில் ஒதுக்கிவைக்கப்பட்டவர், பத்து ஆண்டுகளின் பின் ஒதுக்கிவைக்கப்பட்டவர்களைத் தேடிச் செல்கின்றார். ஒரு பெண்மணியின் கையிலிருந்து பெற்ற கஞ்சியை, கண்டியின் காட்டோரங்களில் தன் கையால் ஊட்டுகின்றார். பௌத்தராகிய மன்னரும் அவருடைய தொண்டைப் போற்றினார். சொற்களால் நீங்காத சந்தேகம் நோயாளியின் படுக்கையருகே நீங்கியது. 1711 சனவரி 16ஆம் நாள் அவர் கண்டியிலேயே இறைவனடி சேர்ந்தார். 2015 சனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது, நம் நாடு தன் முதலாவது புனிதரைப் பெற்றுக்கொண்டது.

யாழ்ப்பாணத்தில் செபமாலை கத்தோலிக்கருக்கு அவரை அடையாளம் காட்டியது. கண்டியிலோ இரக்கம் எல்லோருக்கும் கிறிஸ்துவை அடையாளம் காட்டியது. அடையாளத்தை நம்மவர் மட்டுமே வாசிக்க முடியும்; அன்பை யாவரும் வாசிப்பர். நீங்கள் ஒருவர் மற்றவரிடம் கொள்ளும் அன்பைக் கொண்டே நீங்கள் என் சீடர் என்று எல்லோரும் அறிவர் என ஆண்டவர் தம் இறுதி இராவுணவின்போது (யோவான் 13:35) சொல்லிச் சென்றதும் இதனாலன்றோ?

காட்டுவதா, மறைப்பதா?

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். உங்கள் ஒளி மனிதர் முன் ஒளிரட்டும் என்று மலைப்பொழிவில் (மத்தேயு 5:16) போதிக்கும் ஆண்டவர், அதே மலைப்பொழிவில், மனிதர் காணவேண்டுமென்று அறச்செயல்களைச் செய்யாதிருக்குமாறும் (6:1) எச்சரிக்கின்றார். ஒன்று காட்டச் சொல்கின்றது. மற்றொன்று மறைக்கச் சொல்கின்றது. எதைப் பின்பற்றுவது?

விளக்கைக் கவனியுங்கள். அது தன்னைக் காட்டுவதற்காக எரிவதில்லை. வீட்டிலுள்ளோர் கால் இடறாமல் நடப்பதற்காக எரிகின்றது. இருட்டில் நடப்பவன் விளக்கின் அழகைப் பாராட்டுவதில்லை. அதன் வெளிச்சத்தில் தன் வழியைக் காண்கின்றான். நம் நற்செயலைக் கண்டவர் நம்மைப் புகழ்ந்துவிட்டு நின்றுவிட்டால், அங்கே நாம் நம்மையே காட்டிவிட்டோம். அவருடைய உள்ளம் விண்ணகத் தந்தையை நோக்கித் திரும்பினால், அங்கே ஒளி தன் வேலையைச் செய்திருக்கின்றது. அன்னதானத்தை விட அதன் புகைப்படம் பெரிதாகிவிடும் இக்காலத்தில், இந்த வேறுபாட்டை நாம் அடிக்கடி நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

வேலி, தராசு, அடுக்களை

புனிதர்களின் வரலாற்றைக் கேட்கும்போது, அது நமக்கு எட்டாத உயரம் என்று ஒதுங்கிக்கொள்வது எளிது. ஆனால் நம்முடைய கண்டி, நம் வீட்டு வாசலிலேயே இருக்கின்றது.

வேலியை எண்ணிப் பாருங்கள். ஒரு முழ நிலத்துக்காக அயலவரோடு ஆண்டுக்கணக்கில் பேசாதிருப்போர் நம்மிடையே இல்லையா? ஒவ்வொரு மாலையும் நம் வீட்டிலிருந்து எழும் செபமாலைப் பாடலை அந்த அயலவர் கேட்கின்றார். மறுநாட் காலை நாம் வேலியோரத்தில் பேசும் பேச்சையும் அவரே கேட்கின்றார். இரண்டுள் எதை அவர் நம் விசுவாசம் என்று எடுத்துக்கொள்வார்?

தராசை எண்ணிப் பாருங்கள். கடையில் நிறுவை சரியாக இருப்பதும், கந்தோரில் பணமின்றியே ஒருவருடைய விண்ணப்பம் நகர்வதும், கூலியாளுக்குரிய சம்பளம் சொன்ன நாளில் அவர் கையில் சேர்வதும் சிறிய காரியங்கள் அல்ல. கோவிலுக்குள் ஒருபோதும் நுழையாதவர்கள் வாசிக்கின்ற நற்செய்தி இதுவே. சக்கேயுவின் வீட்டிற்கு ஆண்டவர் வந்தபோது, அவர் நீண்டதொரு செபத்தைச் சொல்லவில்லை. ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகவே சொன்னார் (லூக்கா 19:8). எரிக்கோ ஊரார் அவருடைய மனமாற்றத்தை அவர் திருப்பிக் கொடுத்த பணத்திலிருந்தே அறிந்திருப்பர்.

அடுக்களையை எண்ணிப் பாருங்கள். குடும்பத்தை வீட்டுத் திருச்சபை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டில் குறிப்பிட்டது. அந்தச் சிறு திருச்சபையின் முதல் மறையுரை நம் உரையாடலே. திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் பங்குத்தந்தையையும் பங்கு மக்களையும் குறைகூறும் பெற்றோரிடமிருந்து பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு நாம் எந்தக் கோப்பையில் தேநீர் கொடுக்கின்றோம் என்பதையும் பிள்ளையின் கண்கள் பார்க்கின்றன. மறைக்கல்வி வகுப்பில் ஓராண்டில் கற்பதைவிட, அந்தக் கோப்பையிலிருந்து அது அதிகம் கற்றுக்கொள்கின்றது.

தவறும்போது

அன்பு வாசகர்களே, இவற்றை வாசிக்கும்போது உள்ளம் உறுத்தலாம். எழுதும் கையும் உறுத்தலின்றி எழுதவில்லை. நம் சமய, ஒழுக்க, சமூக வாழ்வின் குறைபாடுகள் கடவுளின் உண்மையான திருமுகத்தைப் பிறரிடமிருந்து மறைத்துவிடக்கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டிலேயே, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில், வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. திருச்சபையே ஏற்றுக்கொண்டதை நாம் ஏற்றுக்கொள்ள ஏன் தயங்க வேண்டும்?

குறையற்றவராக நடிப்பது சாட்சியம் ஆகாது. தவறிய பின் நாம் என்ன செய்கின்றோம் என்பதிலேயே சாட்சியம் தொடங்குகின்றது. பிள்ளையிடம் தன் கோபத்துக்காக மன்னிப்புக் கேட்கும் தந்தை, கடவுளின் மன்னிப்பைப் பற்றிப் பத்து மறையுரைகள் சொல்லாததைச் சொல்லிவிடுகின்றார். பகையாகிப்போன அயலவரின் செத்தவீட்டுக்கு முதல் ஆளாகச் சென்று பந்தல் போட உதவுபவர், சிலுவையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமலே சிலுவையின் பொருளை விளக்கிவிடுகின்றார்.

அப்போது யாரேனும் நம்மிடம் வந்து, உங்களால் எப்படி இவ்வாறு நடக்க முடிந்தது என்று கேட்கலாம். அவ்வாறு கேட்பவருக்கு விடைபகர எப்போதும் ஆயத்தமாயிருக்குமாறும், அதனைப் பணிவோடும் மரியாதையோடும் செய்யுமாறும் புனித பேதுரு (1 பேதுரு 3:15-16) நமக்கு அறிவுறுத்துகின்றார். அவர் குறிப்பிடும் ஒழுங்கைக் கவனியுங்கள்: முதலில் கேள்வி எழுகின்றது, பின்னரே பதில் வருகின்றது. நம்மிடம் எவரும் இதுவரை கேட்டதில்லை எனில், கேள்வியை எழுப்பக்கூடிய எதையும் நம் வாழ்வில் அவர்கள் இன்னும் காணவில்லை போலும்.

இந்த வாரத்திற்கு ஒரு தீர்மானம்

கிறிஸ்துவினால் எழுதப்பட்ட மடல் நீங்களே என்று புனித பவுல் கொரிந்து நகரத்தாரிடம் சொல்கின்றார் (2 கொரிந்தியர் 3:2-3). நம் அயலவருள் பலர் விவிலியத்தை ஒருபோதும் திறக்கமாட்டார்கள். அவர்கள் கையில் கிடைக்கும் ஒரே நற்செய்தி நூல் நாமாகவே இருக்கலாம். அதிலுள்ள எழுத்துப் பிழைகளைத் திருத்துவது நமது கடமை.

ஆகவே இன்றிரவு குடும்பச் செபத்தின் பின் சில நிமிடங்கள் அமைதியாக அமர்ந்திருங்கள். நம் குடும்பத்தால் மனம் நொந்த ஒருவரின் பெயரை எல்லோருமாகச் சேர்ந்து நினைவுகூருங்கள். இந்த வாரம் முடிவதற்குள் அவருடைய படலையைத் திறந்து உள்ளே செல்லத் தீர்மானியுங்கள். அவர் நோயுற்றிருந்தால் ஒரு கோப்பை கஞ்சி கொண்டு செல்லுங்கள். அன்று அந்தப் பெண்மணி கொடுத்த கஞ்சி எங்கெல்லாம் சென்று சேர்ந்தது என்பதை நாம் கண்டோமல்லவா? உங்கள் கையிலிருப்பது எங்கு சென்று சேரும் என்பதை ஆண்டவரே அறிவார்.

புனித யோசேவ் வாஸ் அடிகளாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.