வீட்டில் அமைக்கும் இடைக்குளிர்விப்பான்

இடைக்குளிர்விப்பான் என்பது டர்போசார்ஜர் பொருத்தப்பட்ட உள் எரி பொறியில், அமுக்கப்பட்டதால் சூடேறிய காற்றைப் பொறிக்குள் நுழையும் முன் குளிர்விக்கும் வெப்பப் பரிமாற்றி ஆகும். இது இன்டர்கூலர் என்ற பெயரில் பரவலாக அறியப்படுகின்றது. தொடக்க கால டர்போ கார்கள் பல இது இல்லாமலே விற்பனைக்கு வந்தன. அத்தகைய கார்களுக்கு, பழைய வாகனங்களின் உதிரிகளைக் கொண்டு உரிமையாளர்களே இதனை அமைப்பதுண்டு. அவ்வாறு அமைக்கையில், காற்று எவ்வளவு குளிர்கின்றது என்பதைப் போலவே, எவ்வளவு அழுத்தத்தை இழக்கின்றது என்பதும் முதன்மையானது.

வரலாறு

காற்றை இரு நிலைகளில் அமுக்கிய பொறிகளில், அந்நிலைகளுக்கு இடையே குளிர்வித்ததால் இப்பெயர் ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட அமெரிக்காவின் பி-47 தண்டர்போல்ட் வானூர்தி இதற்கு எடுத்துக்காட்டு. கார்களில் பெரும்பாலும் ஒரே நிலையில்தான் காற்று அமுக்கப்படுகின்றது. எனினும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. 1978 இல் போர்ஷே 911 டர்போவும், 1980 இல் அவுடி குவாட்ரோவும் இதனைக் கொண்டு வெளிவந்தன. வட அமெரிக்காவில் விற்கப்பட்ட வால்வோ 240 டர்போ, 1984 ஆம் ஆண்டு மாதிரியில் இதனைப் பெற்றது.

செயற்பாடு

அமுக்கப்படும் வளிமம் சூடாகும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. எனவே அதே கன அளவில் குறைந்த ஆக்சிசனே பொறிக்குக் கிடைக்கும். மேலும், பெட்ரோல் பொறியில் சுவாலை சென்று சேருமுன்னரே எஞ்சிய கலவை தானாக வெடிக்கும் "தட்டல்" நிகழும் வாய்ப்பு கூடும். தொடர்ந்து தட்டல் நிகழ்ந்தால் பிஸ்டன் சேதமடையும்.

30 °செ வெப்பநிலையும் 1 பார் அழுத்தமும் உள்ள காற்றை 70% திறனுள்ள டர்போ 1.7 பாராக அமுக்கினால், வெப்பநிலை ஏறத்தாழ 101 °செ ஆகும். 70% பயனுள்ள இடைக்குளிர்விப்பான் அதனை ஏறத்தாழ 51 °செ ஆகக் குறைக்கும். வெளிக்காற்றின் அடர்த்தியை 1 எனக் கொண்டால், பொறியை அடையும் காற்றின் அடர்த்தி பின்வருமாறு அமையும்:

* இடைக்குளிர்விப்பான் இல்லாதபோது: 1.38
* இருந்து, 0.1 பார் அழுத்தம் இழக்கப்படும்போது: 1.50
* இருந்து, 0.3 பார் அழுத்தம் இழக்கப்படும்போது: 1.31

மூன்றாவது நிலையில், காற்று குளிர்ந்திருந்தும் பொறிக்குக் கிடைக்கும் காற்று முன்பைவிடக் குறைவு. ஒடுக்கமான குழாய்கள் கொண்ட குளிர்சாதனக் கண்டென்சர், எண்ணெய்க் குளிர்விப்பான் ஆகியவற்றை மாற்றுப் பொருளாகப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் இந்நிலையையே அடைகின்றனர்.

உதிரிகள்

தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்தப்பட்ட கார் ஒன்றின் அலுமினிய இடைக்குளிர்விப்பானே பொருத்தமானது. தமது பொறியின் ஆற்றலுக்கு நிகரான, அல்லது அதனினும் கூடிய ஆற்றலுள்ள காரிலிருந்து அதனைத் தெரிவு செய்தல் வேண்டும். பழுதான டர்போவிலிருந்து வந்த எண்ணெயும் உலோகத் துகள்களும் உள்ளே தங்கியிருக்கலாம். ஆகவே கரைப்பானால் பலமுறை கழுவி, முழுவதும் உலரவிட்ட பின்னரே பொருத்த வேண்டும். துகள்கள் பொறிக்குள் சென்றால் உருளைச் சுவர் கீறப்படும்.

பொருத்துதல்

* முன் பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்துவது வழக்கம். பொறியின் அதிர்வு தாக்காதவாறு, ரப்பர் தாங்கிகளில் காரின் உடற்சட்டத்தோடு இணைக்க வேண்டும்.
* காற்று எளிய வழியையே தேடும். சுற்றியுள்ள இடைவெளிகளைத் தகடு கொண்டு அடைக்காவிடில், அது இடைக்குளிர்விப்பானைச் சுற்றிக்கொண்டு சென்றுவிடும்.
* இணைப்புக் குழாய்களில் வளைவுகள் குறைவாகவும் மென்மையாகவும் இருத்தல் நன்று. 2 லிட்டர் அளவிலான பொறிக்கு 50 முதல் 63 மி.மீ. வரை விட்டமுள்ள குழாய் பொதுவாகப் போதுமானது.
* குழாய் முனைகளில் மேடான விளிம்பு அமைத்து, துணியிழை பொதிந்த சிலிகோன் குழலைக் கிளாம்பு கொண்டு இறுக்க வேண்டும். விளிம்பு இல்லாவிடில் அழுத்தத்தில் குழல் கழன்றுவிடும்.

எரிபொருட் கலவை

கூடுதல் காற்றுக்கு ஏற்பக் கூடுதல் எரிபொருள் தேவை. பெட்ரோல் பொறியில் அது கிடைக்காவிடில் கலவை மெலிந்து, தட்டல் நிகழும். குளிர்விப்பால் கிடைத்த பாதுகாப்பு இழக்கப்படும். காற்றின் நிறையை அளக்கும் உணரி உள்ள கார்கள், தம் அளவு வரம்புக்குள் தாமாகவே ஈடுசெய்யும். அழுத்தத்தையும் வெப்பநிலையையும் கொண்டு கணக்கிடும் கார்களில், வெப்பநிலை உணரியை இடைக்குளிர்விப்பானுக்குப் பின்னால் அமைக்க வேண்டும். முன்னால் இருந்தால், காற்று சூடானது எனக் கருதிக் கணினி எரிபொருளைக் குறைத்துவிடும். குளிர்ந்தபின் அழுத்தத்தை உயர்த்த விரும்புவோர், கலவையைச் சோதித்த பின்னரே அதனைச் செய்தல் வேண்டும்.

சோதனை

முதலில் டர்போவின் நுழைவாயை மூடி, குறைந்த அழுத்தத்தில் காற்றேற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவைக் கண்டறியலாம். பின்னர் இடைக்குளிர்விப்பானின் இரு புறமும் வெப்பமானியும் அழுத்தமானியும் பொருத்தி, பொறியின் முழுச் சுமையில் அளவிட வேண்டும். அழுத்தமானி ஒன்றே போதாது. குளிர்விப்பின் பயனைப் பின்வருமாறு கணக்கிடலாம்:

பயன் = (நுழையும் வெப்பநிலை − வெளியேறும் வெப்பநிலை) ÷ (நுழையும் வெப்பநிலை − வெளிக்காற்றின் வெப்பநிலை)

ரேடியேட்டருக்குச் செல்லும் காற்று இப்போது சூடேறியும் குறைந்தும் இருக்கும் என்பதால், பொறியின் குளிர்நீர் வெப்பநிலையையும் கவனித்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* டர்போசார்ஜர்
* வெப்பப் பரிமாற்றி
* உள் எரி பொறி